மாமா போட்ட வேங்கை மேஜை

அரியாங்குப்பத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை ஒரு பலகைமேல்தான் கழற்றி வைக்க வேண்டும். செங்கற்களுக்கு மேல் கிடத்தியிருக்கும் நீளமான, கனத்த வேங்கைப் பலகை. விவரம் தெரிந்தவர்கள் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "வேங்கையில போயி செருப்பு வக்கிறியேம்மா" என்று வயிறெரிவார்கள். அந்த மரத்துக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை இதுதான் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அது ஒரு காலத்தில் என் அத்தையின் புருஷன் உட்கார்ந்த பெஞ்சு.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி தூக்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். கிடங்கில் கம்பளி எடுத்துக் கொடுத்தவர். ஆனால் பென்ஷனோடு ஊர் திரும்பி, குருசுக்குப்பத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, பாதி ஐரோப்பாவைத் தானே காவல் காத்துவிட்டு வந்த தோரணை. இங்கே அவருக்கு எதுவும் சரியில்லை. ரொட்டி சரியில்லை, கடல் சரியில்லை, நாங்கள் சாப்பிடும் விதம் சுத்தமாகச் சரியில்லை. "நம்ம ஜனங்களுக்குக் குடும்பமா குந்தித் துன்னத் தெரியல. ஆம்பளைங்க முன்னாடி, பொம்பளைங்க அப்புறமா அடுப்பங்கரையில. அங்கெல்லாம் தோட்டத்துல ஒரே மேஜை, எல்லாரும் ஒண்ணா" என்பார். சொன்னது நல்ல விஷயம்தான். சொல்லும்போது அத்தை அவர் தட்டில் மீன் துண்டு வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அதை அவர் கவனித்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கையும் ஒரு துவைக்கிற கல்லும் இருந்தன. அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் 'ழார்தேன்'. பிரெஞ்சில் தோட்டம். அதில் மேஜை போட முடிவானதும் முதல் காரியமாகத் துவைக்கிற கல்லைப் பெயர்த்துத் தூக்கிப் போட்டார். அப்புறம் தவளக்குப்பத்திலிருந்து ஒரு தச்சரை வரவழைத்து, தாளில் தானே படம் வரைந்து கொடுத்தார். இரண்டு முனையிலும் பெருக்கல் குறி மாதிரி கால்கள். கால்களை இணைத்துக் குறுக்கே சட்டம். சட்டத்தின் இரு நுனியிலும் பெஞ்சு. மேஜையும் பெஞ்சும் ஒரே உடம்பு, பெஞ்சை மட்டும் நகர்த்த முடியாது. மழைத் தண்ணீர் வடியட்டும் என்று மேல் பலகைகளுக்கு நடுவே இடைவெளி. தச்சர் வெயிலில் வேங்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மாமா பக்கத்தில் நாற்காலி போட்டுக் குடை பிடித்தபடி, கையில் ரசமட்டத்தோடு அதிகாரம் பண்ணினார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். மாமா பகலில்தான் பிடித்தார், அந்த மட்டுக்கு நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

மேஜை நன்றாகத்தான் வந்தது. வாட்டசாட்டமாக, யானை ஏறினாலும் அசையாதது போல நின்றது. ஒரே ஒரு குறை. பெஞ்சு மேஜையோடு ஒட்டியிருப்பதால், காலைத் தூக்கி அதைத் தாண்டி உள்ளே போட்டால்தான் உட்கார முடியும். பேன்ட் போட்டவன் தாண்டலாம். கைலிக்காரன் மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டலாம். புடவை கட்டிய, முட்டி வலிக்கார அத்தை எப்படித் தாண்டுவாள்? குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்காரத்தான் இந்த மேஜை என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவருக்கு இது தோன்றவேயில்லை. தச்சருக்கும் தோன்றவில்லை. அவர் வீட்டிலும் யாரோ நின்றுகொண்டுதான் பரிமாறியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உறவுக்காரர்கள் வந்ததும், "ஆ தாப்ள்!" என்று மாமா கூவுவார். சாப்பிட வரச் சொல்கிறாராம். எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்" என்று ஆள் பிரித்து ஏற்றுவார். அவர் இடம் மட்டும் மாறாது. முருங்கைப் பக்கத்துப் பெஞ்சில், நட்டநடுவில். அத்தை சுற்றிச் சுற்றி நடந்து பரிமாறுவாள். முதல் மழைக்கு ஈர வேங்கை சாயம் விட்டு, அவருடைய வெள்ளைப் பேன்ட்டின் பின்புறம் மஞ்சளாகிப்போனது. அதையும் அத்தைதான் துவைத்தாள், கல் இல்லாமல், பக்கெட்டில். நான் சுடிதார் போட்டவள், சுலபமாக ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதைக் காட்டி, "பாரு, இவ ஏறல? நீயும் சுடிதார் போட்டுக்க" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் அத்தையிடம் சொன்னார். அன்றிலிருந்து நானும் அத்தையோடு அடுப்பங்கரையில்தான் சாப்பிட்டேன்.

மாமா அத்தையின் கல்யாண நாளுக்குப் பிரான்சிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அன்றைக்கு அத்தை மேஜையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். அவளுக்கும் ஆசை இருந்தது. பட்டுப்புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள். ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை உள்ளே போட்டாள். மறுகால் வரவில்லை. புடவை ஓரம் பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ள, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் பெஞ்சுக்குக் குறுக்கே நின்றாள். மாமா கையைத் தட்டி, "அலே! அலே!" என்று பிரெஞ்சில் உசுப்பினார். விருந்தாளிகளும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். நான் ஓடிப்போய் ஓரத்தை விடுவித்து இறக்கிவிட்டேன். அத்தை கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, "சோறு ஆறுது, துன்னுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா இருந்தவரை அந்த மேஜைப் பக்கம் அவள் உட்காரப் போனது அவ்வளவுதான். அந்த மனிதரை அன்றைக்கு வெறுத்தேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பார்கள். செத்துப்போனதால் ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை.

போன வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். அவருக்காக வைத்த பூசையில் சாமியார் பிரசங்கம் செய்தார். குடும்பம் முழுவதையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து அழகுபார்த்த குடும்பத் தலைவன் என்றார். உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று ஞாயிறு ஓசிச்சோறு சாப்பிட்டவன்கூடத் துடைத்துக்கொண்டான். அத்தை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மறுநாள் காலையில் அதே தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ரெண்டு பக்க பெஞ்சையும் அறுத்துடலாம்மா, நாற்காலி போட்டுக்கலாம்" என்றார் தச்சர்.

"ஒரு பக்கம் போதும். அவரு குந்துன பக்கம்."

"அப்பால அந்தாண்ட பெஞ்சுல ரெண்டு பேர் குந்துனா மேஜை சாஞ்சுடுமே."

"சாயட்டும். வந்தவங்களுக்கெல்லாம் இத்தினி வருஷம் நின்னு போட்டாச்சு. இனிமே இங்க யாரும் குந்த வாணாம்."

வேங்கை லேசில் விடவில்லை. ரம்பம் கத்தக் கத்த மத்தியானம் வரை அறுத்தார். அறுத்த இடத்தில் அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சோறு போட்டேன். வவ்வால் மீன் குழம்பு. கடல்காற்றில் அவசரமே இல்லாமல், முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டாள். கீழே கிடந்த பெஞ்சைக் காலால் தள்ளி, "நீ இத்த எடுத்துக்கினு போயிடு" என்று என்னிடம் சொன்னாள்.

போன வாரம் அத்தை பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள். என் செருப்பு ஒரு ஓரமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் காலி. கொஞ்சம் யோசித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, தன் செருப்பைக் கழற்றி நட்டநடுவில் வைத்தாள்.