முள் இறங்கும் நேரம்

ஒலெகாரியோ செத்த பிறகு அந்தப் பெட்டியைத் தொட ஆய்வுக்கூடத்தில் யாரும் முன்வரவில்லை. நில்டாதான் திறந்தாள். அவன் மனைவி அவள். துக்குமான் நகரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் அவனோடு மின்கருவிகள் வடிவமைத்தவள்.

பெட்டி அவன் செய்தது. திருகைத் திருப்பினால் முந்நூறு வோல்ட்டிலிருந்து முப்பதாயிரம் வரை எது கேட்டாலும் கொடுக்கும். முகப்பில் ஒரு முள். அது திருகு கேட்டதைத்தான் காட்டும்; உள்ளே உண்மையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டாது.

"பாத்தியா, சொன்ன உடனே இறங்குது. நீயும்தான் இருக்கியே, கோபம் வந்தா இறங்கறதே இல்ல" என்று ஒலெகாரியோ அவளைச் சீண்டுவான்.

"நானும் வெளியில இறங்கிடுவேன். உள்ள இருக்கறது அடங்க நேரமாகும்."

சிரிப்பான்.

உயர் மின்சாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு மறு கையால் தொடுவது. அவன் செத்த அந்தக் குளிர்காலக் காலையில், பையில் இருக்க வேண்டிய கையில், மாத்தே என்ற இலைப் பானத்துக்கான மின்கெட்டில் இருந்தது. கெட்டிலின் உலோகம் சுவர் பிளக் வழியே மண்ணோடு சேர்ந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. அதை நம்பி மறு கையால் கம்பியைக் கழற்றப் போனான். உள்ளே மிச்சமிருந்தது அந்தக் கையில் ஏறி நெஞ்சுவழியே கெட்டில் பிடித்த கையால் இறங்கியது. மாத்தே குடுவையில் போட்டிருந்த இலை நனையவே இல்லை.

நில்டா புதிய பெட்டி செய்தாள். முள்ளை உண்மையான வெளியீட்டோடு சேர்த்தாள். தேங்கிய மின்சாரம் வடிய மின்தடைகளைச் சரமாகக் கோத்தாள். அந்த வடிகாலைப் பெரிதாக்கியதும் முள் சீக்கிரம் இறங்கியது. எட்டக்கூடிய உச்ச வோல்ட்டும் கூடவே இறங்கியது. இருபத்துநாலாயிரத்துக்கு மேல் ஏறவில்லை.

"எனக்கு முப்பது வேணும்மா. இல்லன்னா இந்தச் சோதனையே கிடையாது" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் சாராவியா. "அந்த வடிகாலை எடுத்துடு."

"எடுத்தா முப்பது வரும். முள் இறங்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும், டாக்டர்."

"எர்த் கம்பிய மாட்டிட்டுத்தான் தொடணும்னு விதி இருக்கே."

"அவனுக்குத் தெரியாதா? சுவத்துல எழுதி ஒட்டினதே அவன்தான்."

சாராவியா சுவரைப் பார்க்கவில்லை. "சரி, ஓட்டிக் காட்டு" என்றார்.

உச்சிக்கு ஏற்றினாள். பிறகு திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். இரைச்சல் நின்றது. சாராவியாவின் கை பழைய பெட்டியோடு பழகியது. விரல்கள் கம்பியை நோக்கிப் போய்விட்டன.

"கையை எடுங்க!"

முள் இன்னும் பதினோராயிரத்தில் இருந்தது.

அவர் கையை இழுத்துப் பையில் விட்டுக்கொண்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழங்கால் வலிக்காரன் படியிறங்குவதுபோல் அது இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பூஜ்யத்தில் படுத்ததும் நில்டா எர்த் கம்பியை மாட்டினாள்.

"இருபத்துநாலே இருக்கட்டும்" என்றார் சாராவியா. இனி அந்தச் சோதனை இந்த ஊரில் நடக்காது. அது இருவருக்கும் தெரியும். அவர் போய்விட்டார்.

நில்டா எர்த் கம்பியை எடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி உச்சிக்கு ஏற்றினாள். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பெட்டியை விட்டு விலகி, அறையின் மறுகோடியில் குடுவையில் இலை போட்டு வெந்நீர் ஊற்றினாள். முள்ளைப் பார்த்தபடியே உறிஞ்சினாள். குழலில் தண்ணீர் தீர்ந்து சத்தம் வந்தபோது முள் பூஜ்யத்தைத் தொட்டது.

ஒரு குடுவை மாத்தே குடிக்கிற நேரம்தான்.