பேச்சிமுத்துவின் நெறிக்கட்டு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாக மூட்டை சுமக்கும் பேச்சிமுத்துவுக்குப் பின்னங்கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஒன்றல்ல, மூன்று. மொச்சைக்கொட்டை பருமன், தொட்டால் சுரீரென்று வலித்தது.

உடன் சுமக்கும் நயினார் இருக்கிறாரே, டாக்டருக்குப் படிக்காத குறைதான். "சுமை கழுத்துல எறங்கிருக்குவே. சுண்ணாம்பும் மஞ்சளும் கொழைச்சுப் பூசும்" என்றார். பூசியதில் தோல் வெந்ததுதான் மிச்சம்.

பேச்சிமுத்துவின் அண்ணனுக்கும் கழுத்தில்தான் கட்டி வந்தது. புற்று என்றார்கள், ஆறே மாதத்தில் ஆள் போய்விட்டார். மனைவி மாடம்மாளிடம் இவர் மூச்சு விடவில்லை. மீசை என்னவோ முறுக்குமீசைதான், தைரியம் மட்டும் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

மூன்று வாரம் பொறுத்துவிட்டு, ஒருநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சுப்ரியா, கரமனை அக்ரஹாரத்துப் பெண். கழுத்தை அழுத்திப் பார்த்தவள், "தலையைக் குனியுங்கோண்ணா" என்றாள். கழுத்தைக் காட்ட வந்தால் தலையைக் கேட்கிறாளே என்று அவருக்கு எரிச்சல். முடியை விலக்கினால், வெறும் அரிப்பென்று அவர் விட்டிருந்த உச்சியில் சீழ் வைத்த புண்!

"தலையில என்ன வெப்பேள்?"

"சும்மாடுதான். மூட்டைக்கு அடியில துணியச் சுருட்டி வைப்போம்லா."

"அதை அலக்கி எத்தனை நாளாச்சு?"

பேச்சிமுத்து நெளிந்தார். "தொவைக்கப்பிடாது டாக்டரம்மா. ராசியான துணி, அத வெச்ச நாள்லேருந்து ஒரு மூட்டை சரிஞ்சதில்ல."

மிளகாய்த் தூளும் வியர்வையும் வருஷக்கணக்காக ஊறிய ராசி அது.

"நன்னாருக்கு ராசி! அந்த அழுக்குலதான் புண்ணு. புண்ணாலதான் நெறி கட்டிருக்கு."

"அப்ப... புத்து இல்லியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லண்ணா. புண் ஆறினா நெறியும் வத்திடும். பத்து நாள் மாத்திரை, சுமக்கப்படாது. அப்பறம் வந்து காட்டுங்கோ."

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர், டோக்கன் வரிசை மொத்தமும் பார்க்கக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மாடம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நான்..."

"டாக்டர் என்ன சொன்னாவ?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் இங்க இருக்கது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நெறி கட்டுன அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். மூணு வாரமாச் சோறு எறங்கல எனக்கு. இன்னைக்கு ஆதார் கார்ட எடுத்துட்டுப் போனப்பவே ஆஸ்பத்திரிக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. சொல்லுங்க, என்னவாம்?"

"ஒண்ணுமில்லட்டி. தலையில புண்ணு. அவ்வளவுதான்."

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படியொரு வசவு அவர் வாங்கியதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசி வரைக்கும் கேட்டார்.