தலையணைக்கடியில் ஒரு வைரம்

வைரத்தின் தரம் பார்க்கும் பொறுப்பு என் ஏழாவது வயதில் என்னிடம் வந்து சேர்ந்தது.

இலங்கை மலையகத்து அட்டனில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, திருச்சிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு, கடைவீதியே பதிலுக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

"நம்மள இங்க வச்சிருப்பாங்களோ, தொரத்துவாங்களோ. ஒருத்தராச்சும் அங்க கால ஊனிக்கணும்" என்பார் அப்பா.

அந்த ஒருத்தர் அத்தை என்று முடிவாகியிருந்தது. அத்தை இந்த வீட்டிலேயே பிறந்தவள். கடைக்கு வரும் சிங்களப் பெண்களோடு அவர்கள் பாஷையிலேயே பேரம் பேசிச் சிரிப்பாள். கடலைப் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்கல் வைர மூக்குத்தி கேட்டிருந்தார்கள். நானா என்று ஊரே கூப்பிடும் நகைக்கடை முஸ்லிம் பெரியவர் வெள்ளைத்தாளில் மடித்து ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெளக்குல எல்லாக் கல்லும் ராசாதான் தங்கச்சி" என்று நானா தடுத்தார். "பகல்ல, வெயில் நேரா விழாத ஜன்னல்கிட்ட வச்சுப் பாருங்க. அப்பத்தான் நெறம் தெரியும்."

ஆனால் அந்த அடைமழையில் அட்டனுக்குப் பகலே வரவில்லை. மூடுபனி ஜன்னலை ஒட்டி நின்றது. அப்பா பூதக்கண்ணாடியும் கையுமாக ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். சற்று வெளுத்தால் ஓடுவார். போய்ச் சேருவதற்குள் மறுபடி இருண்டுவிடும். ஒருவழியாகப் பார்த்து முடித்து, கரும்புள்ளி இல்லை, கீறல் இல்லை, பட்டை தீட்டலும் சுத்தம் என்றார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. சேர்ந்தால் வைரம் வாழவைக்கும், சேராவிட்டால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்பது அவள் கட்சி. கள்ளமில்லாத பிள்ளை ஒன்று அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, என்ன கனவு வருகிறது என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்.

நான் அத்தையோடுதான் படுப்பேன். கல்லைத் துணியில் முடிந்து என் தலையணைக்கடியில் வைத்தார்கள். கம்பளிக்குள் அத்தை கதை சொன்னாள். தலையில்லாத துரையொருவன் குதிரையில் தேயிலை மலையைச் சுற்றிவரும் கதை. விடியுமுன் அலறிக்கொண்டு எழுந்தேன். கல் அன்றே நகைக்கடைக்குத் திரும்பியது.

இரண்டாவது கல் அதைவிட வெண்மை. அத்தை அன்று சொன்னது, ஆற்றோடு போன பெண்ணொருத்தி ஈரக் கூந்தலோடு வந்து கதவைத் தட்டும் கதை. அந்தக் கல்லும் போயிற்று.

"இதுமாதிரி கல்லு கொழும்புல தேடினாலும் கெடைக்காது தங்கச்சி" என்று நானா வருத்தப்பட்டார்.

வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுத்தினார்கள். அப்பா துணி அளக்கையில் கணக்கை விட்டுவிட்டு மறுபடி அளந்தார். என் கனவால்தான் அத்தையின் கல்யாணம் தட்டிப்போகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்றாவது கல்லை நானா கூச்சத்தோடுதான் நீட்டினார். "சொல்லிட்டுத்தான் தர்றேன். இதுல லேசா மஞ்ச ஓடுது. ஓரத்துல சின்னதா ஒரு கீறலும் இருக்கு."

அன்றைக்கும் அத்தை ஒரு கறுப்புப் பூனைக் கதையைத் தொடங்கியிருந்தாள். இன்னொரு கம்பளி கொண்டுவந்த அம்மா கதவோரம் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அவளைக் கண்டதும் அத்தை சட்டென்று கதையை நிறுத்தினாள். அம்மா உள்ளே வந்தாள். துணிமுடிச்சை எடுத்துக்கொண்டு என்னையும் தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு அம்மாகிட்டப் படுத்துக்க."

மறுநாள் வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். கனவே வரவில்லை என்றதும் அம்மா சாமிபடத்துக்குக் கற்பூரம் காட்டினாள். இருந்த மூன்றில் மட்டமான கல் என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா அதை வாங்கினார்.

அத்தையை அழைத்துக்கொண்டு அப்பா இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வந்து நின்றதும் அத்தை குனிந்து என் காதோரம் கேட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணுமே வரலியா புள்ள? ஒரு பூனைகூட?"

"ஒண்ணுமே வரல அத்தை. நல்லாத் தூங்கினேன்" என்றேன் பெருமையாக.

அத்தை என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. பிறகு பெட்டியில் ஏறி, எங்கள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள். இவ்வளவு பாடுபட்டு நல்ல கல்லாகத் தேர்ந்து கொடுத்த என்னை ஒரு வார்த்தை பாராட்டாமல் போகிறாளே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது.