டியூபாக்காரரின் ஞானப்பல்

"நான் இல்லாம இந்த பேண்டு பத்தடி நகராது. நகர்ந்துச்சுன்னா, அந்த டியூபாவுல தண்ணி ஊத்தி மீன் வளர்க்கறேன்!"

ஃபிஜிக்குக் கிழக்கே கிடக்கும் வவாவுத் தீவின் படகுத்துறையில், சபைப் பெரியவர்கள், ஒரு போலீஸ்காரர், கப்பலுக்காகக் கட்டிப் போட்டிருந்த சில பன்றிகள் ஆகியோர் முன்னிலையில் பெனிசிமானி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். மறுத்துப் பேச யாருமில்லை. பன்றிகள்கூட யோசனையில் ஆழ்ந்திருந்தன.

பெனிக்கு வெனிலாத் தோட்டமும் ஓட்டை வேனும் உண்டு. ஆனால் என்ன தொழில் என்று கேட்டால் டியூபா என்றுதான் சொல்வார். ஊர்த் தேவாலயத்து பேண்டில் அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தை மீசை முளைக்காத வயதிலிருந்து அவர்தான் சுமக்கிறார். டியூபா சபையின் சொத்து. ஆனால் உதடு வைத்து ஊதுகிற கிண்ணம் போன்ற அந்தச் சின்ன ஊதுவாய் மட்டும் எந்நேரமும் பெனியின் சட்டைப் பையில் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கடியில். ஊதுவாய் இல்லாத டியூபா வெறும் தண்ணீர்க்குழாய். பதவியைக் காப்பாற்றிக்கொள்ள அரசியல்வாதிகள் கட்சி, கூட்டணி என்று படும் பாட்டையெல்லாம் பெனி ஒரே சட்டைப் பையில் முடித்துவைத்திருந்தார்.

சபையின் புது மண்டபத் திறப்பு விழா வரும் சனிக்கிழமை. படகுத்துறையிலிருந்து மண்டபம் வரை பேண்டு ஊதிக்கொண்டே போக வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் குறை கண்டுபிடிக்கவே குளித்து முழுகி வருவார்கள். அந்த வாரத்தைப் பார்த்துத்தான் பெனியின் கீழ்க் கடைவாயில் குறுக்கே படுத்துக் கிடந்த ஞானப்பல் கண் விழித்தது. மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பல் மட்டும் வாடகை தராத குடித்தனக்காரனைப் போலக் கிளம்ப மறுத்தது.

"திங்கக்கெழம எடுத்துடு. இல்லாட்டி நானே தேங்கா உரிக்கிற கடப்பாறையால எடுத்துடறேன்" என்றாள் மனைவி லுபே.

ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல் காத்திருந்தது. தீவில் இருந்த இரண்டு பல் மருத்துவர்களில் ஒருவர் மேற்படிப்புக்கு நியூசிலாந்து போய்விட்டார். மிச்சம் இருந்தவர் டாக்டர் லவீனியா. பெனியின் பெரியப்பா மகள், அதாவது அக்கா. தீவு வழக்கப்படி அக்கா முன்னால் தம்பி கேலி பேசக் கூடாது, கால் நீட்டிப் படுக்கக் கூடாது, உடம்புச் சமாச்சாரம் எடுக்கவே கூடாது. அக்கா உள்ளே வந்தால் மெல்ல எழுந்து வெளியே போவதுதான் தம்பிக்கு அழகு. பல் பிடுங்கும் நாற்காலியில் இவற்றில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்க வழியில்லை.

நடுவில் நர்ஸ் செலா நின்றாள். பகை நாடுகளுக்கு இடையே தூது போகிறவளைப் போல இருபக்கமும் முகம் திருப்பினாள்.

"செலா, தம்பிய வாயத் தொறக்கச் சொல்லு" என்றார் லவீனியா, சுவரில் தொங்கிய காலண்டரிடம்.

"பெனி அண்ணா, வாயத் தொறங்க."

"தொறந்திருக்கேன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்றார் பெனி, வாயை மூடி.

ஊசி போடுமுன் அபாயங்கள் அதே தபாலில் வந்தன. வீங்கும், ரத்தம் கசியும், சீழ் வைத்தாலும் வைக்கும் என்பதையெல்லாம் பெனி வீரத்தோடு கேட்டுக்கொண்டார். கடைசியாக ஒன்று வந்தது.

"பல்லுக்குப் பக்கத்துல ஒரு நரம்பு ஓடுதாம் அண்ணா. அது நொந்துச்சுன்னா கீழுதடு கொஞ்ச நாள் மரத்துக் கெடக்கும். எப்பவாச்சும் ஒருத்தருக்கு ரொம்ப நாள் அப்படியே நின்னுடுமாம்."

கீழுதடு! பெனியின் புகழ், பதவி, சட்டைப் பையின் அதிகாரம் அனைத்தும் குடியிருந்த இடம் அதுதான். எத்தனை நாள், எத்தனை பேருக்கு, ஊத முடியுமா என்று கேட்க நூறு கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஆனால் அக்காவிடம் போய் உதட்டைப் பற்றிப் பேசுவதா! பெனி கேட்கவில்லை.

பல் வந்தது. முழுதாக அல்ல, துண்டு துண்டாக, கடைசி வரை எதிர்ப்பு தெரிவித்தபடி. தையல் போட்டதும் செலா மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"பஞ்ச நல்லா கடிச்சுக்குங்க. துப்பாதீங்க. குழல் போட்டு எளநி உறிஞ்சாதீங்க. சிகரெட் கூடவே கூடாது. நாளைலேர்ந்து வெதுவெதுன்னு உப்புத்தண்ணிய வாயில வெச்சு அப்படியே சரிச்சு விடுங்க, கொடகொடன்னு கொப்புளிக்காதீங்க. பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கும். அது கழண்டு போச்சுன்னா உள்ள எலும்பு காத்தாடும், நீங்க போடற சத்தம் ஃபிஜி வரைக்கும் கேக்கும். ரெண்டு வாரத்துக்கு டியூபாவத் தொடாதீங்க. அக்கா சொல்லச் சொன்னாங்க."

வீட்டில் பெனியின் ஒரு கன்னம் சீமைப்பலா அளவுக்கு வளர்ந்தது. லுபே ஐஸைத் துணியில் சுற்றி வைத்தாள். அவித்த சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலில் மசித்து ஊட்டினாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலாகச் சொன்னாள்.

வீக்கம் வடியத் தொடங்கியது. வலி குறைந்தது. ஆனால் உதட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஏதோ இருந்தது. உணர்ச்சி போய்விட்டதா? இருக்கிறதா? ஊதிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

புதன்கிழமை மத்தியானம் பெனி வைத்தியத்தையும் சட்டத்தையும் ஒருசேர ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். அக்கா தடுத்தது டியூபாவை. அக்கா வார்த்தையைத் தம்பி மீறக் கூடாது. ஆனால் கார்னெட்டைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்னெட் ட்ரம்பெட் மாதிரிச் சின்ன வாத்தியம். சின்ன வாத்தியத்துக்குச் சின்ன ஊதல் போதும்.

பேண்ட்மாஸ்டர் மோசெசே பழுது பார்க்கக் கொடுத்திருந்த கார்னெட்டை எடுத்துக்கொண்டு வெனிலாக் கொடிகளுக்குள் போய் நின்று ஊதினார். சுத்தமான ஒரு சுரம் வந்தது. உதடு இருக்கிறது! ஆனந்தம் தாங்காமல் இன்னொன்று ஊதினார், நீளமாக. வாயில் ரத்தச் சுவை வந்தது. வெற்றியின் சுவை என்று எண்ணிக்கொண்டார்.

வியாழக்கிழமை வலி தாடையில் புறப்பட்டு, காதில் இறங்கி, நெற்றிப்பொட்டில் கூடாரம் அடித்தது. வெள்ளி காலை லுபே அவரை வேனில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

லவீனியா குழியைப் பார்த்தார். மூடி இல்லை.

"செலா, தம்பி என்னத்த ஊதினான்னு கேளு."

"டியூபா இல்லன்னு சொல்லு" என்றார் பெனி, அழாத குறையாக. "வெறும் கார்னெட்டுதான்."

லவீனியா காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு குழியைக் கழுவி, கிராம்பு மணக்கும் மருந்தைத் திணித்தார். கொஞ்ச நேரத்தில் வலி பாயைச் சுருட்டியது.

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மெழுகுவத்திகூட ஊதி அணைக்கக் கூடாதுன்னு சொல்லு, செலா. உதடு நல்லாத்தான் இருக்கு. அதையும் சொல்லு."

கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

சாயங்காலம் மோசெசே பதறியடித்து வந்தார். "டியூபா இல்லாம எப்படிப்பா? அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி இருக்குமே!"

"விழாவத் தள்ளி வை" என்றார் பெனி பல்லிடுக்கில்.

"பன்னியெல்லாம் அறுத்தாச்சு. உன் பல்லுக்காக அதுங்கள எழுப்பி வீட்டுக்கு அனுப்பவா?"

"நான் ஊதறேன்" என்றாள் லுபே, தேங்காய் துருவிக்கொண்டே. "பொண்ணுங்க ஸ்கூல் பேண்டுல நான்தான் டியூபா."

"அது பள்ளிக்கூட வெளையாட்டு!"

"நீ மட்டும் என்ன, கப்பலா ஓட்டற? அந்த ஊதுவாயக் குடு."

பெனியின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. லுபே மேற்கொண்டு கேட்கவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

சனிக்கிழமை படகுத்துறையில் வெள்ளைச் சட்டைகளும் விழாவுக்காக இடுப்பில் சுற்றிய பின்னல் பாய்களுமாக பேண்டு அணிவகுத்து நின்றது. கடைசி வரிசையில் லுபே. தோளில் டியூபா, ஊதுவாய் இருக்க வேண்டிய முனையில் ஓட்டை. பக்கத்து ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். மோசெசே கோலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

தாடையைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெரிய உருவம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. பையில் கை விட்டது. ஊதுவாயைச் சட்டை நுனியில் துடைத்து, டியூபாவில் பொருத்தி, அரைச் சுற்று திருகி, ஆடுகிறதா என்று பார்த்தது.

"ரெண்டாவது சரணத்துல மூச்சு மிச்சம் வெச்சுக்க" என்றார் பெனி, உதடு அசையாமல்.

"கைப்பையப் பிடி" என்றாள் லுபே.

கோல் உயர்ந்தது. பேண்டு நகர்ந்தது. லுபே ஓர் இடத்தில் சுரம் தவறினாள், இன்னோர் இடத்தில் தாளத்தை முந்தினாள். ஆனால் தரை அதிர்ந்தது. பேண்டு மீன் சந்தையைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, மேட்டில் ஏறியது.

"பத்தடி தாண்டியாச்சு! மீன் வாங்கியாச்சா பெனி?" என்று மோசெசே பின்னால் திரும்பிக் கத்தினார்.

சாலையோரத்தில் வெள்ளைத் தொப்பியோடு லவீனியா நின்றிருந்தார். பெனி தலையைக் குனிந்துகொண்டார். செலா ஓடி வந்து காதில் சொன்னாள்: "பதில் சொல்லக் கூடாதாம். அக்கா சொன்னாங்க."

பெனி கீழ்ப்படிந்தார். ஒரு கையில் மனைவியின் கைப்பையும் மறு கையில் அவளுடைய குடையுமாக, வாயை இறுக மூடிக்கொண்டு, லுபேயின் காலடிக்குத் தன் காலடியை ஒட்டவைத்து, பேண்டுக்குப் பின்னால் மண்டபம் வரை நடந்தார்.