மலையின் பின்பக்கம்

திருவண்ணாமலையில் பிறந்த பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்தால் அது முதலில் வரைவது ஒரு முக்கோணமாகத்தான் இருக்கும். உச்சியில் ஒரு சுடர், அடியில் ஒரு கோபுரம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மலைக்கு நடுவில் சூரியனை வரைந்துகொண்டிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரே மலை போதுமானதாக இருந்தது. அது முக்கோணம் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வீட்டு வாசலில் நின்று பார்த்தாலும், பள்ளிக்கூடத்து ஜன்னலில் பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கார்த்திகைக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் வீட்டோடு மலை சுற்றப் போவோம்தான். ஆனால் பாதி வழிக்குள் நான் அப்பாவின் தோளில் தூங்கிவிடுவேன். கண் விழிக்கும்போது ஊருக்குள் வந்திருப்போம்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், தீபத் திருவிழா லீவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் கைவேலை டீச்சருக்குத் தீக்குச்சி வீடும், முட்டை ஓட்டில் கோமாளி முகமும், வளையல் துண்டு ஒட்டிய பாட்டிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தது. இந்த முறை யார் எதைச் செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார். என் முறை வந்ததும், "நீ நம்ம மலையைச் செஞ்சிக்கினு வாடி" என்றார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. முதல் பரிசை அப்போதே பையில் போட்டுக்கொண்டவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

எனக்குக் கைவேலை சுத்தமாக வராது. கத்தரிக்கோலை எடுத்தால் காகிதத்தைவிட விரலுக்குத்தான் ஆபத்து. எங்கள் வீட்டில் கைவேலை என்றால் அது அம்மாதான். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, அந்தக் கூழை முறத்துக்குப் பூசிக் காயவைப்பாள். தெருவில் பாதி வீட்டு முறம் அவள் பூசியதுதான். மலை என்றதும் அம்மா ஓட்டை விழுந்த சட்டி ஒன்றைத் தேடி எடுத்துப் பலகை மேல் கவிழ்த்தாள். நீ பள்ளிக்கூடம் போய்ட்டு வா, நான் பூசி வைக்கிறேன் என்றாள். பள்ளிக்கூடத்து வேலையைப் பெற்றவர்கள் செய்வது என்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை.

இங்கே எங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பிறந்த ஊர் மலைக்குப் பின்னால் இருந்தது. செங்கம் ரோட்டில் டவுன் பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். அவ்வளவு பக்கம். ஆனால் அந்த வீட்டுக்கு நாங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தம்பிக்குக் காது குத்தியபோது வந்த வினை அது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் பரபரத்தார்கள். பெரியப்பா தம்பியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், ஆசாரி குத்திவிட்டார். மாமா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது தம்பி காதில் கடுக்கனோடு மிட்டாய் தின்றுகொண்டிருந்தான். மாமா சீர்த்தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

மாமாவுக்கு, தன் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்ற கோபம். அப்பாவுக்கு, நாலு பேர் முன்னால் கை நனைக்காமல் போனானே என்ற கோபம். அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவை அடித்ததோ வைததோ கிடையாது. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம் முடிந்து வரும்போது எங்களுக்குப் பொரியுருண்டை வாங்காமல் வரமாட்டார். ரோஷக்காரர், அவ்வளவுதான். அவர்களாக வந்து கூப்பிட்டால் போகலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அம்மாவின் ஊரிலிருந்து தயிர் கொண்டுவரும் ஒரு அம்மாள் எங்கள் தெருவுக்குத் தினமும் வருவாள். தயிரோடு கொஞ்சம் சேதியும் ஊற்றிவிட்டுப் போவாள். கண்காட்சி வந்த அந்த ஐப்பசி முழுக்க அவள் கொண்டுவந்தது ஒரே சேதி. அம்மாவின் அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, உடம்பு சரியில்லை.

"ஜாஸ்தி முடியலம்மா அவருக்கு. கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது. உன் பேரத்தான் சொல்லிக்கினு இருக்கறாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அம்மா தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். தாத்தாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு அப்போது இருந்த கவலை, ஐப்பசி மழையில் கூழ் காயுமா என்பதுதான்.

மறுநாள் சாயங்காலம் ஓடி வந்து பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், சூட்டில் காய்வதற்காகப் பலகையை வைத்திருந்தாள். அதன் மேல் ஒரு மலை இருந்தது. ஆனால் முக்கோணம் இல்லை. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி மூன்று முகடு. ஒரு பக்கம் நீளமாகச் சரிந்து இறங்கியது. அடியில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. உடைந்து போகாத ஒரு பழைய வளையலைப் பதித்து, அதைக் கிணறு ஆக்கியிருந்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஈர்க்குச்சியில் இரண்டு பனைமரம். ஒன்று கொஞ்சம் கோணலாக நின்றது. கைதவறிக் கோணலாகிவிட்டது என்று நினைத்து நான் அதை நிமிர்த்தப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இது நம்ம மலையே இல்லம்மா" என்று அழ ஆரம்பித்தேன். டீச்சர் அடிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் பரிசு போச்சு என்று என்னென்னவோ சொல்லிக் காலை உதைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார்.

கால் கழுவிவிட்டு வந்து அடுப்படியில் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையாகப் போய் இறங்கிய வீட்டை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத்தான் தெரியவில்லை. காதுகுத்துக்கு முன்னால் அங்கே போனபோதெல்லாம் நான் பார்த்தது மாமா வீட்டு ஆட்டுக்குட்டிகளைத்தான். மலையை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்?

"எந்தப் பக்கத்து மலை இது?" என்றார் அப்பா.

"மலைக்கு ஏதுங்க பக்கம்? எங்கேர்ந்து பாத்தாலும் மலைதான."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அம்மா பக்கம் சேர்ந்திருப்பேனோ என்னவோ. அவர் சிரித்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அழாத கண்ணு. இதுவும் இருக்கட்டும், பின்னால யாரு பாக்கப் போறாங்க. முன்பக்கத்த நம்ம போட்டுக்கலாம்" என்று சொல்லி, பலகையை மெள்ளச் சுற்றித் திருப்பினார். ஓட்டு வீடும் கிணறும் பனைமரமும் சுவர்ப் பக்கம் போய்விட்டன. இன்னும் கூழ் பூசாத மறுபக்கத்து வெறும் சட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பும் பின்பும் அப்பா என் பள்ளிக்கூட வேலைக்கு உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தார். உள்ளங்கையால் கூழை அப்பி, இழுத்து, எங்கள் தெருவிலிருந்து தெரிகிற முக்கோணத்தைக் கொண்டுவந்தார். காலித் தீப்பெட்டிகளைப் பெரிசு சின்னதாக வெட்டி அடுக்கிக் கோபுரம் கட்டினோம். பிறகு டார்ச் லைட்டைப் பிரித்து அதன் பல்பை உச்சியில் சொருகினார். சட்டியின் ஓட்டை வழியாக ஒயரை உள்ளே விட்டு பேட்டரியில் தொட்டதும் மலை மேல் தீபம் எரிந்தது. நானும் தம்பியும் அரோகரா என்று கத்தினோம். என் சின்ன வயதில் எது சந்தோஷமான நாள் என்று கேட்டால் ரொம்ப நாள் வரைக்கும் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா அந்த நேரமெல்லாம் ஆட்டுக்கல்லில் இருந்தாள். முன்பக்கத்துக்குக் கூழ் போதவில்லை. அரைத்துக்கொண்டே அப்பாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு எட்டுப் போய் அப்பாவைப் பாத்துட்டு வந்துடட்டுமாங்க? சாயங்காலம் வந்துடுவேன்."

"வந்து கூப்பிடட்டும். போலாம்" என்றார் அப்பா, தீப்பெட்டியை அளவு பார்த்தபடியே.

ஆட்டுக்கல் நின்றது. கோபுரத்துக்குக் கலசம் வைக்கும் முக்கியமான கட்டத்தில் இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வராதா? சீக்கிரம் அரைம்மா, கூழ் கெட்டியாகிவிடும் என்றேன். அம்மா அரைத்தாள். அன்றைக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, அடுப்புப் புகை என்று நினைத்தேன். அடுப்பு அவள் முதுகுப் பக்கம் இருந்தது.

கண்காட்சியில் என் மலையைச் சுவரோரமாக ஒரு பெஞ்சில் வைத்தார்கள். எதிர்பார்த்தபடியே கூட்டம் அங்கேதான். நான் பேட்டரியைத் தொடுவதும், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதுமாக மத்தியானம் முழுக்க ஒரே கொண்டாட்டம். பக்கத்து வீட்டுப் பெண்களோடு அம்மாவும் வந்தாள். தீபத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, பின்பக்கம் எதையோ தடவிப் பார்த்தாள். "தொடாதீங்கம்மா, ஒடைஞ்சிடப் போவுது" என்றார் டீச்சர். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு மானமே போய்விட்டது. முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மலை எங்கள் வீட்டு ரேடியோ ஸ்டாண்டின் மேல்தட்டில் ஏறியது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சில்லறைத் தகராறும் அங்கேதான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மலை திரும்பியிருக்கும். கோபுரம் சுவரைப் பார்க்கும், கிணறும் பனைமரமும் கூடத்தைப் பார்க்கும். நான் ஸ்டூல் போட்டு ஏறி நேராகத் திருப்பி வைப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி அப்படியே இருக்கும். தம்பிதான் என்று அவனைக் கிள்ளிவைத்தேன். அவனுக்கு ஸ்டூல் மேல் ஏறினாலும் எட்டாது. கடைசியில் அம்மாவைக் கேட்டேன். தூசி தட்டும்போது திரும்பியிருக்கும் என்றாள். தூசி தட்டினால் நேரா வைக்கத் தெரியாதா, பரிசு வாங்கின பக்கம் இதுதானே என்று சத்தம் போட்டேன். சரி என்றாள். அடுத்த நாளும் பின்பக்கம்தான். மார்கழி முழுக்க இந்தக் கூத்து நடந்தது. அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், மாமா வீட்டு ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாவுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை என்பதால் அப்பாவும் உடனே கிளம்பினார். குதிரை வண்டி பிடித்துப் போனோம். வண்டி நிற்பதற்குள் அம்மா இறங்கி ஓடினாள்.

அவ்வளவு நாள் பேசாமல் இருந்த அப்பாவும் மாமாவும் பந்தலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சண்டை அத்தோடு முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடியக்கூடிய சண்டைதான் அது. அம்மா தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் பிடிக்காமல் நான் வெளியே வந்தேன். கிணற்றடியில் இரண்டு பனைமரம் நின்றன. ஒன்று கோணல். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மூன்று முகடு. ஒரு பக்கம் நீளமாகச் சரிந்து இறங்கியது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஓடிப்போய் அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அம்மா செஞ்ச மலை கரெக்ட்டுதான்பா. இங்கேர்ந்து பாத்தா அப்படித்தான் இருக்குது" என்றேன். அப்பா மலையைப் பார்த்தார். பிறகு ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டார். சாவு வீட்டில் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேடியோ ஸ்டாண்டை நிமிர்ந்து பார்த்தேன். கோபுரம் கூடத்தைப் பார்த்து நின்றது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க, அந்த மாதம் முழுக்க அப்படியே. அம்மா தினமும் தூசி தட்டத்தான் செய்தாள். மலை திரும்பவே இல்லை. எவ்வளவு தடவை கத்தியிருப்பேன், ஒருவழியாக என் பேச்சுக்கும் வீட்டில் மதிப்பு வந்துவிட்டது என்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.