அப்பா சரணடைந்தவர்தான்

அப்பாவின் ஓராண்டு நினைவுப் படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்கள் கையிலுள்ள இந்த நினைவு மலரின் கட்டுரையை ஆசிரியையான என் தங்கைதான் எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதினால் அத்தனையும் உண்மையாக இருக்கும். நான் வாயைத் திறந்தால் பாதி கதை என்பது எங்கள் ஊர் கூலிம் முழுக்கத் தெரியும். ஆனாலும் இதை நான்தான் எழுதியாக வேண்டும்.

அப்பா கூலிமுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில், இந்திய விடுதலைக்காக மலாயாவில் படை திரட்டியபோது பதினேழு வயதில் பெயர் கொடுத்தார். உடன் சென்றவர் அதே தோட்டத்துச் சூசை மாமா. இருவரும் காலாட்படையில் ஒரே பிரிவில் பர்மா வரை போனார்கள். போர் முடிந்து திரும்பிய அப்பா, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். நான் படிக்காதது அவர் குற்றமல்ல. யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

அவர் திறக்காத வாயை நான் திறந்தேன். அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள் விருந்தில் மைக் என் கையில் கிடைத்தது. “படையே துப்பாக்கியைக் கீழே போட்டது. எங்கப்பா மட்டும் போடல! துப்பாக்கியோட ஆத்துல குதிச்சு நீந்துனாரு!” என்றேன். அப்பாவுக்கு நீச்சலே தெரியாது. கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

சூசை மாமா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய மகள் ரோசலின் அக்கா பக்கத்து ஊரான லூனாஸிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து என்னிடம் வந்தார்.

“நல்லா பேசுனீங்க தம்பி. அப்ப எங்கப்பாதான் பயந்தாங்கொள்ளி, இல்ல?”

“ஐயோ அக்கா, சும்மா தமாஷ் லா!”

“செத்தவர வச்சா தமாஷ்?”

அந்தத் தீபாவளிக்கு அக்கா குடும்பம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வழக்கமாக அவர்கள் அனுப்பும் கேக்கும் வரவில்லை.

“நான் சரணடைஞ்சவன்டா. போயி ரோசலின்கிட்ட சொல்லு,” என்று விருந்துக்கு மறுநாளே அப்பா சொல்லியிருந்தார். தானே போகிறேன் என்று கிளம்பியவரையும், “நான் பேசுனத நான்தான்பா சரி பண்ணனும்” என்று வீரமாகத் தடுத்தேன். பிறகு ஒரு நாள் ஷிப்ட், ஒரு நாள் மழை, ஒரு நாள் மோட்டார் டயர் பஞ்சர். இப்படியே எட்டு ஆண்டுகள் போயின.

கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில்தான் அப்பா முழுதாகச் சொன்னார்.

“சாப்பாடு இல்ல. இலையத் தின்னோம். சூசைக்குக் காய்ச்சல், நிக்க முடியல. சில பேரு காட்டுக்குள்ள ஓடுனானுங்க, என்னையும் கூப்டானுங்க. இவன எங்க விடுறது? முதுகுல தூக்கிக்கிட்டு வரிசையில போனேன். வெள்ளைக்காரன் துப்பாக்கியக் கீழ வைக்கச் சொன்னான். என்னோடத வச்சேன். அவனோடதையும் நான்தான் வச்சேன்.”

“வெக்கமா இருந்துச்சாப்பா?”

“அவன் மூச்சு என் கழுத்துல பட்டுக்கிட்டே இருந்துச்சுடா. வேற ஒன்னும் தோணல.” பிறகு, “நாளைக்காவது போவியா?” என்றார்.

“போறேன்பா.”

மறுநாள் காலை அப்பா இல்லை. தொண்ணூற்றெட்டு வயதில், என்னை நம்பிக்கொண்டே போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு ரோசலின் அக்கா வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்க்காமல் போனார். ஊரே பேச்சாளன் என்று அழைக்கும் நான் வாசல் வரை ஓடி, “மழை வருதுக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவைத் தம் காரில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவருக்கும், இரண்டு வாரம் முறைபோட்டு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த எங்கள் தாமான் குடியிருப்பு மக்களுக்கும், இன்று சமைத்துப் போட்ட கைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ரோசலின் அக்கா, இன்று நீங்கள் வராவிட்டால் இந்த நினைவு மலரை நாளை நானே லூனாஸுக்குக் கொண்டு வருவேன். மழை பெய்தாலும் வருவேன். அன்று நான் மைக்கில் சொன்னது பொய். எங்கள் அப்பா சரணடைந்தார். அந்த வரிசையில் தன் கையால் துப்பாக்கியைக் கீழே வைக்காதவர் ஒருவர் உண்டென்றால், அவர் உங்கள் அப்பாதான்.