நின்றே பழகிய கண்டக்டரம்மா

எங்கள் தெருவில் எல்லோரும் அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. டிக்கெட் பை தொங்கித் தோளில் விழுந்த தழும்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வேலை பார்த்த காலத்தில் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. வண்டியில் ஒரே ஒரு பயணி நின்றுகொண்டிருந்தாலும் தனக்கான இருக்கையில் உட்கார மாட்டார். கைக்குழந்தையோடு ஏறியவளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, மேலே கம்பியைப் பிடித்தபடி கடைசி நிறுத்தம்வரை நின்றே வருவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிவிடுவார். கூரியர்காரர்கூட அந்த வீட்டில் உட்காராமல் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் டயாலிசிஸ். போகும்போது வழியெல்லாம் வம்பளந்துகொண்டு போவார். திரும்பும்போது முறுக்கிப் பிழிந்த துணிபோல வருவார். கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றிச்செல்லும் வேன் ஒன்றுதான் அவருக்குத் துணை. அதற்கான பணத்தை அவருடைய உடல்நலக் காப்பீடு கட்டிவந்தது.

வேன் ஓட்டுநருக்கு ஆமை என்று பெயர் வைத்தவரே கண்டக்டரம்மாதான். இந்த வேகத்தில் போனால் நான் குணமாகித்தான் இறங்குவேன் என்று அவரைச் சீண்டுவார். ஆமையும் லேசுப்பட்டவரல்ல. அம்மா தன் பழைய விசிலை எடுத்து ஊதும்வரை வண்டியை நகர்த்தவே மாட்டார்.

இந்த நிலையில்தான், வேன் இன்னும் தேவையா என்று நேரில் பார்க்கக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தானாக எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு மட்டுமே வேன் என்பது அவர்களுடைய விதி. வந்த நாளோ டயாலிசிஸ் இல்லாத நாள். போதாக்குறைக்கு, கூடவே இருந்து தையல் வேலை பார்க்கும் மருமகளும் தைத்து முடித்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள்.

அதிகாரி கொஞ்சம் பருத்த உடம்புக்காரர். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சிரைத்தபடி வாசலில் நின்றார். அவ்வளவுதான்! கண்டக்டரம்மாவின் உடம்பு எழுந்துகொண்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் உட்கார்ந்து கேள்வி கேட்டு முடிக்கும்வரை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிரித்த முகமாய்ப் பதில் சொன்னார். அவர் போனதும்தான் கட்டிலில் சாய்ந்தார். வந்த மனிதரை நன்றாகக் கவனித்து அனுப்பினேன் என்று மருமகளிடம் பெருமை வேறு.

சில நாள் கழித்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா நன்றாக நடமாடுகிறாராம். மாதக் கடைசியோடு வேன் நிறுத்தப்படுகிறதாம். இனிமேல் பேருந்தில் போய்வரலாமாம்.

மருமகளுக்குக் காலடியில் பூமி நழுவியது. வெளியூரில் வேலை செய்யும் கணவன் அனுப்புவதும், அவள் தையலில் வருவதும் வாடகை வண்டிக்குக் கட்டுப்படியாகாது. டயாலிசிஸுக்குப் போகாமல் விடும் ஒவ்வொரு தடவையும் உயிரோடு விளையாடுவது என்று மருத்துவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

கண்டக்டரம்மாவோ அப்போதும் சிரித்தார். "பஸ்ஸுல போகச் சொல்றாங்களா? என்கிட்டயேவா?"

மருமகள் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி மறுபடி ஒரு பார்வைக்குச் சம்மதம் வாங்கினாள். பிறகு மாமியாரிடம் கெஞ்சினாள். "அத்தை, இந்தத் தடவை அவர் வந்தா எந்திரிக்காதீங்க. முடியலைன்னு சொல்லிப் படுத்தே இருங்க."

"நடிக்கச் சொல்றியா? டிக்கெட் எடுக்காதவன்தான் தூங்குற மாதிரி நடிப்பான். அவனையெல்லாம் தட்டி எழுப்பி எறக்கிவிட்டவ நான்."

"அப்போ நான் என்ன அத்தை செய்யட்டும்?"

கண்டக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் விஷயத்தைக் கேட்ட ஆமைதான் வழி சொன்னார். வீட்டுக்கு வந்தால் அம்மா ராணி மாதிரி உபசரிக்கத்தான் செய்வார், அந்த மனுஷனை டயாலிசிஸ் முடிகிற நேரத்துக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். மருமகள் அப்படியே கேட்டாள். அதிகாரியும் ஒப்புக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. வேனுக்காகக் காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சுகளெல்லாம் நிரம்பியிருந்தன. சக்கர நாற்காலியில் தலை சாய்த்துக் கண்மூடியிருந்தார் கண்டக்டரம்மா. அதிகாரி வந்து எதிரே நின்றார். உட்கார இடமில்லை.

கண்டக்டரம்மா கண் திறந்தார். ஒரு மனிதர் நிற்கிறார்! அவருடைய வலது கை தானாக மேலே உயர்ந்து, இல்லாத கம்பியைத் தேடியது. இடது கை நாற்காலியை அழுத்தியது. உடம்பு பாதி எழுந்தது. மருமகள் ஓடி வருவதற்குள் தொப்பென்று நாற்காலியிலேயே விழுந்தார். விழுந்த வேகத்தில் கண்ணில் நீர் திரண்டது. வலியால் அல்ல. ஒருவரை நிற்கவைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருப்பது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மெல்லச் சொன்னார். "சார், இன்னிக்கு சீட் இல்ல. நின்னுக்கிட்டே வாங்க."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"அன்னிக்கு எனக்கு நாற்காலி குடுத்துட்டு நீங்க நின்னீங்களேம்மா?"

"அன்னிக்கு நீங்க வெயில்ல வந்தீங்க. நான் சும்மா இருந்தேன். இன்னிக்கு நான் வேலை முடிஞ்சு வர்றேன்."

அதிகாரி வேன் வரும்வரை நின்றபடியே கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டார். செவிலியரிடமும் விசாரித்தார். ஆமை நாற்காலியைத் தள்ளியபோது ஒரு பக்கம் தானும் பிடித்துக்கொடுத்தார். "அடுத்த வருஷமும் இங்கேயே வந்து பார்க்குறேன். வீட்டுக்கு வந்தா நீங்க என்னை ஏமாத்திடுவீங்க" என்றார்.

அந்த வாரமே தொலைபேசி வந்தது. வேன் தொடரும். மருமகள் மறுபடியும் துணியில் முகம் புதைத்து அழுதாள். இது வேறு அழுகை. வாடிக்கையாளர் பாவம், ஈரத் துணியைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த பயணத்தில் கண்டக்டரம்மா ஊதிய விசிலுக்குத் தெரு நாய்கள் எழுந்து ஓடின. ஆமை அன்று கொஞ்சம் வேகமாகவே ஓட்டியதாகக் கேள்வி.

போன வாரம் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் என் தலை தெரிந்ததும் அவர் கை நாற்காலியின் பிடியை அழுத்தியது. சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். கண்டக்டரம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிடியை விட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று பழைய குரலில் கூவினார். "பின்னாடி எடம் காலியாத்தான் இருக்கு."